ஆடும் சிவப்பைத் தேடித் திருச்சுழிக்கு ஒரு பொறாமைப் பயணம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. வேறு கௌரவமான காரணம் ஏதாவது எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. ஏப்ரலில், நோன்புப் பெருநாள் முடிந்து வந்த சனிக்கிழமை, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழிப் பக்கம் போய் அன்று மாலையே திரும்பினேன். இந்தத் தளத்தை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் படம் வரைகிறவர்கள். பெட்டியும் பலகையுமாக அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக நேரம், கட்டணம், தூரம் எல்லாம் தருகிறேன். நடுநடுவே என் வயிற்றெரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீர் முகமதும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவனுக்கு ஊர் நரிக்குடிப் பக்கம் வீரசோழன். படிப்பு முடிந்ததும் நான் மதுரையில் ஒரு கல்லூரியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். அவன் வளைகுடாவுக்குப் போய்ப் பதினோரு வருடம் சாலையில் வெள்ளைக் கோடு போட்டான். திரும்பி வந்த பிறகு ஆறு வருடமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் வரைகிறான்: வெயிலில் காயும் மிளகாய். ஜனவரியில் சென்னையில் ஒரு காட்சிக்கூடத்தில் அதில் ஒன்றைப் பார்த்தேன். நாலடிக்கு மூன்றடி. கருவேலம்பச்சைக்கு நடுவே பரப்பிய சிவப்பு.

மிளகாய் ஆடியது. சத்தியமாக ஆடியது. கிட்டே போனேன், வெறும் சாயம். நாலு எட்டு பின்னால் வந்தேன், மறுபடியும் விளிம்பெல்லாம் துடித்தது. குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர்வது என்று இருபது நிமிடம் நின்றேன். காவலாளி வந்து, "சார், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

என் எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது, கேளுங்கள். கண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் நான் இருபது வருடமாக நடத்தும் பாடம். சிவப்பை முறைத்துப் பார்த்தால் கண்ணில் சிவப்புக்கான உயிரணுக்கள் களைத்துப்போகும். பிறகு வெள்ளைத் தாளைப் பார்த்தால் அங்கே இல்லாத ஒரு நீலப்பச்சை தெரியும். இன்னொன்றும் உண்டு. மூளையில் நிறத்தைக் கவனிக்கும் பகுதி வேறு, எது எங்கே இருக்கிறது என்று கவனிக்கும் பகுதி வேறு. இரண்டாவது பகுதிக்கு நிறமே தெரியாது, வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். சிவப்பையும் பச்சையையும் ஒரே அளவு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லை எங்கே என்று அதற்குப் பிடிபடாது. அதனால் நமக்கு விளிம்பு ஆடுவது போலிருக்கும். இதையெல்லாம் படம் போட்டு விளக்கிப் பிள்ளைகளிடம் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் என் கித்தானில் ஒரு புல்கூட ஆடியதில்லை.

அதைவிட முக்கியம், முதல் வருடம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்திலிருந்த சிவப்பு வட்டத்தைப் பீருக்குக் காட்டியதே நான்தான். "முப்பது எண்ணுற வரைக்கும் பாரு, அப்புறம் தாளைப் பாரு" என்றேன். பச்சை தெரிந்ததும் வாயைப் பிளந்தான். இருபத்தாறு வருடமாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

மார்ச்சில் அதே காட்சிக்கூடம், பீரின் ஓவியங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுவதாகவும், முன்னுரையாக நான்கு பக்கம் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டது. என் ஓவியங்களை இரண்டு முறை பார்த்துவிட்டு "அப்புறம் சொல்கிறோம்" என்ற கூடம்தான். ஒப்புக்கொண்டேன். மனதில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "இந்த உத்தியின் அடிப்படையை மாணவப் பருவத்திலேயே இவருக்கு அறிமுகப்படுத்தியவன் என்ற முறையில்..." அதன் பிறகு என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அவன் உட்காரும் இடத்தை அவனுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்துவிடுவது, முடிந்தால் அவனைவிட நன்றாக வரைந்துவிடுவது என்று கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10க்கு அருப்புக்கோட்டை பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 48 ரூபாய். மடக்குப் பலகையைக் கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "என்ன சார், மைக் செட்டா? எந்த ஊர்ல விசேஷம்?" என்றார். படம் வரையப் போகிறேன் என்றதும் லக்கேஜ் கேட்காமல் போய்விட்டார். காரியாபட்டி தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அறையும்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நான்கு இட்லி, ஒரு வடை, காப்பி, 60 ரூபாய். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடைத்தெருவில் நடந்தேன். தறிச் சத்தம் ஒரு சந்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு ஜவுளிக் கடை வாசலில் மயில்கழுத்துச் சேலை ஒன்றை விரித்துப் போட்டிருந்தார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நூலில் எங்கேயும் மயில்கழுத்து நிறம் கிடையாது, இரண்டு நூலையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணில்தான் அது உண்டாகிறது. கடைக்காரர், "எடுத்துக்காட்டவா சார்? வீட்ல அம்மாவுக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார். கண் செய்கிற வேலையை இந்த ஊரில் கஜக் கணக்கில் விற்கிறார்கள், எனக்கு மட்டும் கைவரவில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்தேன்.

திருச்சுழிக்கு 8.20 பஸ், பதினான்கு கிலோமீட்டர், அரை மணி நேரம், 15 ரூபாய். திருச்சுழியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் நரிக்குடி ரோட்டில் மிளகாய்க் களம் என்றேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

"பீரு அண்ணன் படம் வரையிற களமா? ஏறுங்க சார். போன வாரங்கூட டெல்லிக்காரவுக வந்தாக, நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நீங்க அவருக்குச் சிஷ்யரா?"

"நான் அவனோட படிச்சவன்."

"அப்படியா! அப்ப நீங்களும் வரைவீகளா?"

ஏழு கிலோமீட்டர், 180 ரூபாய். அந்தக் கேள்விக்காக நான் பேரம் பேசியிருக்க வேண்டும்.

களம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். ரோட்டை ஒட்டி அரை ஏக்கர், வெட்டவெளி. கரிசலைப் பெருக்கிக் கெட்டிப்படுத்தி மிளகாயைப் பரப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரே ஒரு வேம்பு. மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் பெயர் முத்துமாரி, நாற்பது வயதிருக்கும். முன்பு இதே நிலத்தில் கூலிக்கு மிளகாய் பறித்தவர்கள், இப்போது குத்தகைக்கு எடுத்துத் தாங்களே பயிர் வைக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். படம் வரைய அனுமதி கேட்டேன்.

"தாராளமா வரைங்க. பீரு அண்ணன் ஒக்கார்ற கல்லு அந்தா கெடக்கு. மெதிச்சிராம மட்டும் நடங்க."

கல்லில் சாயக் கறைகள். அதிலேயே உட்கார்ந்தேன். அவன் பார்த்த கோணம், அவன் பார்த்த கருவேலம். ஒன்பதரைக்கு ஆரம்பித்து பன்னிரண்டு வரை வரைந்தேன். குடை பிடிக்கக் கொக்கி, தண்ணீர், தொப்பி எல்லாம் சரியாகக் கொண்டுபோயிருந்தேன். மிளகாய் ஆடவே இல்லை. கித்தானில் இருக்கட்டும், தரையிலேயே ஆடவில்லை. சிவப்பு சிவப்பாகக் கிடந்தது, பச்சை பச்சையாக நின்றது. பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இங்கே இல்லாததை அவன் வரைந்திருக்கிறான் என்றால் அது எங்கிருந்து வந்தது? என் சிவப்பு வட்டத்திலிருந்துதானே? இயற்கையைப் பார்த்து வரைகிறேன் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு, புத்தகத்தில் நான் காட்டியதை ஆறு வருடமாக வரைந்திருக்கிறான். போனை எடுத்து என் வாக்கியத்தோடு இன்னொன்றையும் தட்டி வைத்தேன்: "களத்தில் நேரில் பார்த்தவன் என்ற முறையில், இந்த அசைவு நிலத்தில் இல்லை." நான்கு பக்கத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருப்பேன்.

முத்துமாரி தண்ணீர் குடிக்க வேம்பு நிழலுக்கு வந்தவர் என் கித்தானை எட்டிப் பார்த்தார்.

"போன வருசத்து மிளகா மாதிரில்ல இருக்கு?" என்றார். பிறகு நான் வருத்தப்படுவேனோ என்று, "மரம் நல்லா வந்திருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அதற்குள் அவர் பார்வை என் முகத்துக்கு வந்துவிட்டது. "ஒங்க கண்ணாடி ஏன் சார் கறுத்துப் போச்சு? வரும்போது வெள்ளையாத்தான இருந்துச்சு?"

வெயில் பட்டால் தானாகக் கறுக்கும், நிழலுக்குப் போனால் தெளிந்துவிடும் என்று விளக்கினேன். ஒன்பது வருடமாக அந்த மாதிரிக் கண்ணாடிதான்.

"எவ்வளவு சார்? எங்க கெடைக்கும்? வெளுத்த மிளகாயப் பொறுக்கணும், மத்தியானத்துல கண்ணு கூசிக் கொல்லுது. கொஞ்சம் போட்டுப் பாக்கட்டா?"

கழற்றிக் கொடுத்தேன். என் பவர் அவருக்கு ஒத்துவராது என்று சொல்வதற்குள் போட்டுக்கொண்டு களத்தைப் பார்த்தார்.

"அட! ஆடாம நிக்குது!" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெறும் கண்ணால் களத்தைப் பார்த்தேன். முதலில் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது களம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குவியலைச் சுற்றியும் ஒரு நீலப்பச்சைக் கரை, பார்வையை நகர்த்தினால் அதுவும் கூடவே வழுக்கிப் போனது. கருவேலத்துக்கும் மிளகாய்க்கும் நடுவே எல்லையே இல்லை. சென்னையில் பார்த்த அதே துடிப்பு, நூறு மடங்கு. காட்சிக்கூடத்துக்குள் என் கண்ணாடி தெளிந்திருந்தது, அதனால் அங்கே தெரிந்தது. வெயிலில் மட்டும் ஒன்பது வருடமாக இருட்டைப் போட்டுக்கொண்டு வெயிலை வரைந்திருக்கிறேன். கண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிற வாத்தியார்!

கூசுவது என்று நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். வெளிச்சம் அதிகமானால் கண் கூசும், செய்தது தப்பென்று தெரிந்தால் மனசு கூசும். எனக்கு அந்த நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தது. போனில் தட்டியதை உடனே அழித்தேனா என்றால், இல்லை. முதலில் தூரிகையைத்தான் எடுத்தேன். கித்தானின் கீழ் மூலையில், உள்ளங்கை அளவு இடத்தை வழித்துவிட்டு, வெறும் கண்ணால் முக்கால் மணி நேரம் வரைந்தேன். எனக்குத் தூரப்பார்வை மங்கல், மிளகாய் தனித்தனியாகத் தெரியவில்லை. கரைகள் மட்டும் தெரிந்தன. அதை மட்டும் வரைந்தேன்.

ஒரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். முத்துமாரி போன் பண்ணியிருக்கிறார், ஒங்க கல்லுல ஒருத்தரு ஒக்காந்திருக்காருன்னு. பீர் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏலே வாத்தியாரே! வாரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று தூக்குச்சட்டியோடு வந்தான். வேம்பு நிழலில் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் சாப்பிட்டோம். முத்துமாரிக்கும் ஒரு தட்டு. அவ்வளவு ருசியாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நேராகக் கேட்டுவிட்டேன். "நூலகத்தில அந்தச் சிவப்பு வட்டம் காட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

"எந்த வட்டம்?"

"முதல் வருசம். முப்பது எண்ணச் சொன்னேன்."

யோசித்தான். நடிக்கவில்லை, அவனுக்கு நடிக்க வராது. "தெரியலயே லே. புஸ்தகம்னா நான் தூங்கிருப்பேன். எனக்கு இது அங்க ரோட்டுல கோடு போடும்போது வந்தது. மத்தியானம் முழுக்க வெள்ளக் கோட்டையே பாத்துட்டு ராத்திரி கண்ண மூடுனா, கறுப்புக் கோடா ஓடும். நாம பாத்து முடிச்சாலும் கண்ணு முடிக்க மாட்டேங்குதேன்னு நெனப்பேன். இங்க வந்து மிளகாயப் பாத்ததும், அதத்தான் போடணும்னு தோணுச்சு."

அவ்வளவுதான். நான் இருபத்தாறு வருடம் பத்திரப்படுத்திய வட்டம் அவன் தலையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. திருடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அவன் இடது கண்ணைக் கவனித்தேன். வெள்ளையிலிருந்து ஒரு சதை கருவிழியின் மேல் பாதி ஏறியிருந்தது. வெயிலும் தூசியும் என்றான். ஒரு தடவை எடுத்தாயிற்று, மறுபடி வளர்ந்துவிட்டது. மதுரையில் டாக்டர் இனிமேல் மத்தியான வெயிலில் நிற்கவே கூடாது, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"கறுப்புக் கண்ணாடி போட்டா எல்லாம் செத்துக் கெடக்கு லே. நாலு படம் பாதியில நிக்குது."

சொல்லிக்கொண்டே என் கித்தானைத் திருப்பினான். மேலே இரண்டரை மணி நேரம் வரைந்ததை அவன் கண் தாண்டிப் போனது. கீழ் மூலையில் நின்றது. கிட்டே போனான், பின்னால் வந்தான், தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் மட்டும் பார்த்தான்.

"இது இன்னக்கிப் பாத்ததா?"

"இப்பத்தான்."

"எனக்கு இந்தக் கர இவ்வளவு நீலமாத் தெரிஞ்சு ரெண்டு வருசமாச்சு" என்றான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஜனவரியிலிருந்து நான் தினமும் சவரம் செய்கிற முகம் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளே குளிர்ந்தது.

பிறகு அவன் கேட்டான். "ஏலே, மிளகா இன்னும் மூணு வாரம் கெடக்கும். சனி ஞாயிறு வா. நீ கல்லுல ஒக்காந்து பாத்துச் சொல்லு, எந்த எடத்துல எவ்வளவு நீலம், எது ஆடுது, எது நிக்குதுன்னு. நான் மரத்தடியில ஒக்காந்து போட்டு முடிச்சிர்றேன். ஒன்ன மாதிரி நெறத்துக்குப் பேர் சொல்ல யாருக்கும் வராது."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போன்ல பேசுறேன்" என்றேன்.

திருச்சுழிவரை அவனே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. 3.15 பஸ், அருப்புக்கோட்டையில் மாற்றி, மதுரைக்கு ஐந்தரை. ஈரக் கித்தானைப் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் இரண்டு சட்டங்களை முகத்துக்கு முகம் வைத்து, நடுவே தக்கை வைத்துக் கட்டுங்கள். நான் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் பந்தல்குடிக்காரர் ஒருவரின் வேட்டியில் மிளகாய்ச் சிவப்பு ஒட்டிவிட்டது.

முன்னுரையை ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்பிவிட்டேன். போனில் தட்டிய இரண்டு வாக்கியங்களும் அதில் இல்லை. வெள்ளைக் கோடு இருக்கிறது, களம் இருக்கிறது, இந்த அசைவு நிலத்தில் இருக்கிறது என்பதும் இருக்கிறது. கூடத்தார் அருமை என்றார்கள். என் ஓவியங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மிளகாய்க் காலம் ஏப்ரல் கடைசிவரை. பதினொன்றரையிலிருந்து ஒன்றுவரைதான் நிறம் ஆடும், காலையில் போய்ப் பயனில்லை. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலைப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. குடிக்கத் தண்ணீர் மூன்று லிட்டர், களத்தில் கிடைக்காது. முத்துமாரியிடம் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம், ஒரு மிளகாயையும் மிதிக்க வேண்டாம். கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், நான் தேய்த்தேன்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை பீர் போன் பண்ணினான். கல்லூரியில் பரீட்சை, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பரீட்சை முடிந்து இரண்டு வாரமாகிறது. ஆகவே அவனுக்கு ஆள் தேவைப்படுகிறது. நிறத்துக்குப் பேர் தெரிந்த, கண் நன்றாக இருக்கிற யாராவது இந்தச் சனிக்கிழமை போங்கள், திருச்சுழி ஆட்டோவில் அவன் பெயரைச் சொன்னால் போதும். அவன் மரத்தடியிலிருந்து எவ்வளவு நீலம் என்று கேட்பான். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுங்கள். நான் போனால் ஒரு பிடி குறைத்துத்தான் சொல்வேன்.